இடுப்பு விட்டுப் போச்சே!

சகோதரிகளே, போன இதழில் குழந்தைகளின் வாந்தி பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுப்பதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் நிறையக் கடிதங்கள் வாந்தி பேதியைப் பற்றியே இல்லை! "அதெல்லாம் சரி அக்கா, என் இடுப்பு வலிக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றுதான் எழுதியிருந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் சிலர் கழுத்து வலி என்றும், தோள்பட்டையிலிருந்து கை வரைக்கும் இழுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். டாக்டர் இல்லை. ஆனால் இந்த வலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் சந்தோஷமானது இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் வருஷத்தில் உலகம் முழுக்க 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்றும் சொல்கிறார்கள். இதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அதில் நீயும் ஒருத்தி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்!

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை. கழுத்தில் 7, நடு முதுகில் 12, இடுப்பில் 5 என்று கோர்த்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே ஒரு தட்டு, டிஸ்க் என்கிறார்களே அதுதான். எனக்கு விளங்கிய மாதிரி சொன்னால், பூரணக் கொழுக்கட்டைதான் அது. வெளியே கெட்டியான மாவு, உள்ளே கொழகொழவென்று பூரணம். ஓரமாக அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். மேல்மாவு கிழிந்தால் பூரணம் வெளியே வரும். பக்கத்திலேயே காலுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் புறப்படுகின்றன. பிதுங்கியது நரம்பில் பட்டால், இடுப்பில் ஆரம்பித்து பின்தொடை வழியாகக் கால் வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கும். கழுத்தில் என்றால் கைக்கு இறங்கும்.

டிஸ்க் என்று கேட்டதுமே ஆபரேஷன் என்று பயந்துவிடாதீர்கள். முதுகு வலி என்று போகிறவர்களில் பெரும்பாலோருக்கு டிஸ்க்கும் இல்லை, நரம்பும் இல்லை. தசையும் எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நார்களும் பிடித்துக்கொள்வதுதான். அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் நல்ல டாக்டர்கள் முதல் நாளே ஸ்கேன் எடுக்கச் சொல்வதில்லை. நாற்பது வயசுக்கு மேல் யாரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட. தலை நரைப்பது போலத்தான் அதுவும். அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்தே படுத்த படுக்கையானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நமக்கு ஏன் வருகிறது? "அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தது, வலியே கிடையாது" என்று பெரியவர்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன். என் பாட்டி சாயங்காலம் ஆனால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசனையோடுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வலி இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை.

தூக்குவதில்தான் நாம் முதலில் தப்பு பண்ணுகிறோம். காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் 30 கிலோவுக்குப் பக்கம். அரிசி மூட்டை 2022க்குப் பிறகு வரி விவகாரத்தால் 26 கிலோ சிப்பமாகவே வருகிறது. கிரைண்டர் குழவிக்கல், தண்ணீர் வாளி, இரண்டு வயசுப் பிள்ளை, எல்லாவற்றையும் நாம் முதுகை வில்லாக வளைத்து, கையை நீட்டித்தான் தூக்குகிறோம். 1999இல் ஜெர்மனியில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவருடைய இடுப்புத் தட்டுக்குள்ளேயே சின்னக் கருவியைச் செருகி, நின்றால் எவ்வளவு அழுத்தம், குனிந்தால் எவ்வளவு என்று அளந்தார்கள். 20 கிலோ பாரத்தை முதுகை வளைத்துத் தூக்கியபோது, சும்மா நிற்கும்போது இருந்ததைப் போல 4 மடங்குக்கும் மேல் அழுத்தம் இருந்தது. அதே பாரத்தை மார்போடு அணைத்துப் பிடித்தபோது அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே பாரத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள், முழங்காலை மடக்குங்கள், உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிய பாரத்தோடு இடுப்பைத் திருகாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரு நிறைவாளிக்குப் பதில் இரண்டு அரைவாளி. சிலிண்டரைத் தூக்கவே வேண்டாம், சாய்த்து உருட்டுங்கள். வீட்டில் ஆம்பிளைகள் இருந்தால் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியது அவர்கள்தான்!

அடுத்தது சமையல் மேடை. நேராக நின்று முழங்கையை மடக்கிப் பாருங்கள். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே மேடை இருந்தால் சரி. அதற்குக் கீழே இருந்தால் காய் நறுக்கும்போது நாள் முழுக்கக் கழுத்தும் முதுகும் குனிந்தபடியே இருக்கும். மேடையை இடித்துக் கட்ட யாரால் முடியும்? நான் காய் நறுக்கும் பலகைக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து உயர்த்திக்கொண்டேன். ரொம்ப நேரம் நிற்கும்போது காலடியில் ஒரு மணையைப் போட்டு, ஒரு கால் மாற்றி ஒரு கால் அதன்மேல் வைத்துக்கொள்கிறேன். இடுப்புக்கு அவ்வளவு சுகம்! விளக்குமாற்றுக்கு ஒரு நீளக் குச்சியைக் கட்டிக்கொள்வதும் அப்படித்தான்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு இரட்டைக் கஷ்டம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஒரு சுரப்புநீர் இடுப்பெலும்பு மூட்டுகளின் கட்டைத் தளர்த்திவிடுகிறது, பிள்ளை வெளியே வர வேண்டுமே. வயிறு முன்னால் தள்ளுவதால் இடுப்பு பின்னால் வளைகிறது. பிள்ளை பிறந்ததும் எல்லாம் மறுநாளே இறுகிவிடாது, மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பால் கொடுக்க உட்காருகிறோம். எப்படி? குழந்தை மடியில், நாம் அதன்மேல் கவிழ்ந்து! ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அம்மாவைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள், குழந்தையை அம்மாவிடம் கொண்டுவாருங்கள். முதுகுக்குச் சுவரும் ஒரு தலையணையும், மடியில் இன்னொரு தலையணை, அதன்மேல் குழந்தை. அது வாய் வைத்த பிறகு உங்கள் தலையை நிமிர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கொஞ்சம் பார்த்துவிட்டு நிமிருங்கள்.

இப்போது பலரும் குழந்தை முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, செல்போனைத்தான் பார்க்கிறார்கள். நம் தலை 4, 5 கிலோ எடை இருக்கும். 2014இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு முதுகெலும்பு டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னார், தலையை 60 டிகிரி கவிழ்த்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ என்று. மேலே சொன்ன அரிசிச் சிப்பமேதான்! போனைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கை வலித்தால் கீழே வைத்துவிடுங்கள், அதுவும் நல்லதுதான். தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடங்கள்.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது? தாங்க முடியாவிட்டால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படுங்கள். அதற்கு மேல் படுக்காதீர்கள். முன்பெல்லாம் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இப்போது அது தப்பு என்று தெரிந்துவிட்டது. படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், வலி நீளும். வெந்நீர்ப் பையோ, கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்த ஒத்தடமோ கால் மணி நேரம் கொடுக்கலாம். சர்க்கரை வியாதியால் தோல் மரத்துப்போனவர்கள் சூட்டைக் கையால் சோதித்துவிட்டு வையுங்கள், தெரியாமலே கொப்பளித்துவிடும். தைலம் தேய்ப்பது இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், மென்மையாக. மெடிக்கல் ஷாப்பில் "முதுகு வலிக்கு ரெண்டு" என்று கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். நாள்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியையும் கெடுக்கும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்குப் பெல்ட்டு கட்டுவதையும், எடை கட்டி இழுப்பதையும் வாடிக்கையாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. நோயைப் பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும்தான் அதில் முதலில் வருகிறது. படுக்கையும் அப்படித்தான். "கட்டாந்தரையில் படு, சரியாகிவிடும்" என்பார்கள். 2003இல் ஸ்பெயினில் சோதித்துப் பார்த்ததில், ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. பாய்தான் பழக்கம் என்றால் அதன்மேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

என் கொழுந்தன் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, 2024 மார்ச்சில் ஆண் குழந்தை பிறந்தது. சிசேரியன். தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் திரும்பி வந்தபோதே "அக்கா, நடு முதுகு வலிக்குது" என்றாள். நான்தான் வைத்தியச் சிகாமணி ஆயிற்றே! "சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டாங்கல்ல, அதுதான். எனக்கும் இருந்தது, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். இது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ஊசி போட்ட இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அவ்வளவுதான். காலமெல்லாம் வரும் இடுப்பு வலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதுவும் ஊசி போட்டது இடுப்பில், அவளுக்கு வலித்தது அதற்கு மேலே. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அத்தை தைலம் தேய்த்தார். ஒரு கிளினிக்கில் மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்தார்கள். ராத்திரியில் வலி அதிகம் என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்திருப்பதால் என்றோம். சாயங்காலம் உடம்பு கதகதவென்று இருக்கிறது என்றாள். பால் கட்டியிருக்கும் என்றோம். இளைத்துக்கொண்டே போனாள். பிள்ளை பெற்றவள் இளைக்கமாட்டாளா என்றோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. ஒருநாள் வலி தாங்காமல் குப்புறப் படுத்திருந்தாள். நான் என் சின்னப் பெண்ணை, அப்போது எட்டு வயசு, அவள் முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னேன். எங்கள் வீடுகளில் வழக்கம்தானே. அவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா முதுகெலும்பை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அவள் துள்ளினாள். ரத்தம், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., கடைசியில் ஊசி வழியாகத் துளி சதை எடுத்துச் சோதனை. முதுகெலும்பில் டி.பி. காசநோய்! "இருமலே இல்லையே டாக்டர்?" என்றேன். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லையாம், எலும்புக்கும் போகுமாம். பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1779லேயே முதுகெலும்பை வளைத்துவிடும் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் நாட்டில் இன்றும் இது அபூர்வமில்லை. இரண்டு எலும்புகள் அரித்திருந்தன. இன்னும் விட்டிருந்தால் கால் இரண்டும் விளங்காமல் போயிருக்கும் என்றார். மிதிக்க வைத்ததை நான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா ஒன்றும் பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் அத்தை, "வெளியே யார்கிட்டேயும் சொல்லாதே" என்றார். சொந்தக்காரர்களிடம் எலும்புத் தேய்மானம் என்றே சொல்லி வைத்தோம். பிள்ளையை அவளிடம் கொடுக்கலாமா, பால் கொடுக்கலாமா என்று அடுத்த குழப்பம். அவள் நுரையீரலில் நோய் இல்லை, அதனால் மூச்சில் பரவாது என்று டாக்டரம்மா விளக்கினார். பிள்ளையையும் எங்கள் எல்லாரையும் பரிசோதித்துவிட்டு, அந்த மாத்திரைகளோடு பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். மாத்திரை அரசாங்கத்திலேயே இலவசம். சத்துணவுக்காகப் பேங்க் கணக்கில் மாதம் 500 ரூபாய் என்று இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆயிற்று. முதல் நாள் மாத்திரை போட்டதும் ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். அது மாத்திரையின் சாயம்தான், பயமில்லை. அவளுக்கு மட்டும் நெஞ்சு வரைக்கும் வரும் கெட்டியான கட்டு ஒன்றைச் சில மாதம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் மேலே வேண்டாம் என்ற பெல்ட்டு வேறு, இது வேறு. அரித்த எலும்புக்கு முட்டுக் கொடுப்பது.

ஒரு வருஷம் தினமும் மாத்திரை. சிலருக்கு 18 மாதம் வரை ஆகுமாம். இரண்டாம் மாதமே வலி குறைந்துவிட்டது, "போதும் அக்கா, வயிற்றைப் பிரட்டுது" என்றாள். அங்கேதான் பலர் நிறுத்திவிட்டு மறுபடி மாட்டிக்கொள்கிறார்களாம். தினமும் காலையில் காபிக்கு முன்னால் நானே மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்றேன். நான் செய்ய முடிந்தது அதுதான்.

இதை எழுதச் சொன்னதே அவள்தான். "எழுதுங்கக்கா, நம்மள மாதிரி வேற யாரும் ஊசி ஊசின்னு சொல்லிக்கிட்டு இருக்கக்கூடாது" என்றாள்.

எந்த வலியை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அன்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஜுரம், இளைப்பு, ராத்திரியில் படுத்தாலும் அடங்காத வலி, இதில் ஒன்று இருந்தாலும் போங்கள். முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், ரொம்ப நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், சாதாரண வலி என்று இருந்துவிடக் கூடாது. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமலே நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் என்று தள்ளக் கூடாது. கழுத்து வலியோடு கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றாலும் தாமதிக்கக் கூடாது. விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வலியும் நீர்க்கடுப்பும் குளிர்ஜுரமும் என்றால் அது கிட்னி. திடீரென்று கழுத்து, தாடை, மேல் முதுகு வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு அப்படியும் வரும்.

வெள்ளைப்படுவதால்தான் இடுப்பு வலி என்று பல பேர் எழுதியிருக்கிறீர்கள். நிறமும் வாடையும் இல்லாமல் கொஞ்சம் படுவது இயற்கை, அதனால் இடுப்பு வலிக்காது. நாற்றத்தோடு, அடிவயிற்று வலியும் ஜுரமும் சேர்ந்தால் அது உள்ளே சீழ் பிடித்ததாக இருக்கலாம், லேடி டாக்டரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பு பலவீனமாகி, ஒரு வாளி தூக்கினாலே முதுகெலும்பு நொறுங்குவதும் உண்டு. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியோ அடையோ வாரத்தில் நாலு நாள் பண்ணுங்கள். வெயிலும் கொஞ்சம் மேலே படட்டும்.

பயிற்சி என்றதும் பயந்துகொள்ள வேண்டாம். கைகால் ஊன்றி மாடு மாதிரி நின்று முதுகைப் பூனைபோல் மேலே வளைத்து, பிறகு மெதுவாகக் கீழே இறக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது. கழுத்துக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து மோவாயை உள்ளே இழுப்பது. பத்துப் பத்துத் தடவை போதும். வலி சுண்டி இழுத்தால் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்காரர்கள் சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்வதை மட்டும் தடுத்துவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த கேஸ்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட நடை நல்லது. 2024இல் ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரை வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாரம் ஐந்து நாள் அரைமணி நடக்கச் சொல்லப்பட்டவர்களுக்குச் சராசரியாக 208 நாள் கழித்துத்தான் மறுபடி வலி வந்தது. மற்றவர்களுக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. செலவு ஒரு ஜோடி செருப்பு!

2025 செப்டம்பரில் என் ஓரகத்தி கடைசி மாத்திரையைப் போட்டாள். இப்போது சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டுக் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறோம். நேற்று தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறாள். "ஏய், பாதியைக் கொட்டுடி!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே பாதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.